வம்சாவளிச் சீட்டு: ஜப்பானில் பிரேசில் தொழிலாளிகளும் அவர்களைப் பற்றிய எழுத்துக்களும்

ஜப்பானில் கூலிவேலை பார்க்கும் பிரேசில் மக்களைப் பற்றி இங்கிலீஷில் வந்திருக்கிற நூல்களையும், பார்க்கக் கிடைத்த சில படங்களையும் கொஞ்ச நாளாகச் சேர்த்துவைத்துப் படித்தும் பார்த்தும் வருகிறேன். போர்த்துகீசும் ஜப்பானிய மொழியும் எனக்குத் தெரியாது. எனவே இது அந்த இலக்கியத்தின் முழுக் கணக்கு இல்லை. ஒரு தலித் வாசகனாக இந்தப் பிரதிகளுக்குள் நுழையும்போது எந்த இடத்தில் இடிக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இடிக்கிற இடம் ஒன்றுதான். எதை எடுத்தாலும் அதே ஒப்பாரி. பிரேசிலில் இருந்தவரைக்கும் எங்களை ஜப்பான்காரன் என்றார்கள். ஜப்பானுக்கு வந்தால் பிரேசில்காரன் என்கிறார்கள். எங்கே போனாலும் நாங்கள் அந்நியர்தானா? ஆய்வாளர்கள் இதற்கு ‘அடையாளச் சிக்கல்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். கதைக்காரர்கள் கண்ணீர் வைக்கிறார்கள். படம் எடுப்பவர்கள் பின்னணி இசை வைக்கிறார்கள்.

இந்தத் துயரம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது யாருக்கு வருகிற துயரம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. சொந்த இரத்தம் தன்னைக் கட்டி அணைத்துக்கொள்ளும் என்று நம்பி வந்தவனுக்கு வருகிற துயரம் இது. இரத்தம் என்ற சொல்லாலேயே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு இந்த ஏமாற்றம் வர வழியில்லை. அவன் அங்கே வேறொன்றைப் பார்ப்பான். இரத்தத்தைப் பார்த்து ஒரு தேசம் ஆள் பிடித்த கதையாக அது அவனுக்குத் தெரியும். இரத்தம் பார்த்துக் கதவு திறக்கிற தேசத்தில், அதே இரத்தத்தைப் பார்த்துக் கதவு சாத்தப்பட்டவர்களும் இருக்கத்தானே செய்வார்கள்? அவர்கள் எங்கே என்று தேடுவான். நானும் அப்படித்தான் தேடினேன்.

காப்பிக்குப் போன கூலி

கதையை முதலிலிருந்து பார்ப்போம். 1888 மே 13 அன்று பிரேசில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது. விடுதலையான கறுப்பு மக்களுக்கு ஒரு குழி நிலம் கொடுக்கவில்லை, ஒரு காசு நஷ்டஈடு கொடுக்கவில்லை. நேற்றுவரை சாட்டையால் அடித்து வேலை வாங்கிய காப்பித் தோட்ட முதலாளிக்கு அதே ஆளுக்குச் சம்பளம் கொடுக்க மனசு வரவில்லை. ஐரோப்பாவிலிருந்து வெள்ளைக்காரக் கூலிகளை, அதிலும் இத்தாலியரை, கப்பல் கூலி கட்டி இறக்கினார்கள். தேசத்தின் நிறத்தையே வெளுக்க வைப்பது என்பது அன்றைக்கு ஒளிவுமறைவில்லாத கொள்கை. ஆப்பிரிக்கரும் ஆசியரும் நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் வரக்கூடாது என்று 1890இல் ஆணையே போட்டார்கள்.

தோட்டங்களில் இத்தாலியர் பட்ட பாட்டைப் பார்த்து, இலவசக் கப்பலில் ஆள் ஏற்றுவதை 1902இல் இத்தாலி அரசு தடை செய்தது. ஆள் பஞ்சம் வந்தது. அப்போதுதான் மஞ்சள் நிறம் பரவாயில்லை என்று ஆனது. 1908 ஜூன் 18 அன்று காசாத்தோ மாரு என்ற கப்பல் 781 ஜப்பானியரை சாந்தோஸ் துறைமுகத்தில் இறக்கியது. அவர்களைச் சாவ் பாவ்லோ மாநிலத்துக் காப்பித் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டாம் உலகப் போர் மூள்வதற்குள் ஏறக்குறைய 1,90,000 பேர் இப்படிப் போய்ச் சேர்ந்தார்கள். தோட்டக் கடையில் கடன், ஒப்பந்தத்தில் சொன்ன கூலி கைக்கு வராதது, ராத்திரியோடு ராத்திரியாகத் தப்பி ஓடுவது என்று முதல் ஆண்டுகள் கழிந்தன. நம் சேரிகளிலிருந்து கண்டிச் சீமைக்குப் போனவர்களும் முதலில் காப்பிக்குத்தான் போனார்கள். தேயிலை பின்னால் வந்தது. அதனால் இந்தப் பக்கங்களைப் படிக்க நமக்கு அகராதி தேவைப்படாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 781 பேரில் ஐந்தில் இரண்டு பங்குபோல ஒகினாவாத் தீவுக்காரர்கள். 1879இல்தான் ஜப்பான் அந்தத் தீவு ராஜ்யத்தை ஒழித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஒகினாவாக்காரரை ஒரு படி கீழே வைக்கிற வழக்கம் கப்பலேறி பிரேசிலுக்கும் போனது. குடியேறிய ஜப்பானியர் தங்களுக்குள் பெண் கொடுக்கிறபோது ஒகினாவா என்றால் முகம் சுளித்தார்கள். ‘ஜப்பானிய சமூகம்’ என்று ஒற்றை வார்த்தையில் எழுதும்போது இந்தப் பிளவு உள்ளே போய்விடுகிறது. ‘தமிழ்ச் சமூகம்’ என்று சொல்லும்போது உள்ளே போவது என்ன என்று நமக்குத் தெரியும்.

ஆள் வேணும், அந்நிய மூஞ்சி வேணாம்

அடுத்த இரண்டு தலைமுறையில் அந்தக் கூலிகளின் பிள்ளைகள் படித்தார்கள். கடை வைத்தார்கள், டாக்டர், எஞ்சினியர், வங்கிக் குமாஸ்தா ஆனார்கள். 1980களில் பிரேசிலின் பொருளாதாரம் படுத்துவிட்டது. காலையில் வாங்கிய சாமானுக்குச் சாயங்காலம் வேறு விலை. 1990 மார்ச்சில் கொலோர் அரசு மக்களுடைய வங்கிச் சேமிப்பையே முடக்கிப் போட்டது. அதே காலத்தில் ஜப்பானில் பணம் கொழித்தது. கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கும் மின்சாதனத் தொழிற்சாலைகளுக்கும் ஆள் கிடைக்கவில்லை. அழுக்கு, ஆபத்து, கடினம் என்று ஜப்பானியர் மூன்றாகப் பிரித்துச் சொல்லும் வேலைகளுக்கு அங்கத்துப் பிள்ளைகள் வர மறுத்தார்கள்.

அந்த வேலைகளை அப்போது வேறு சிலர் செய்துகொண்டிருந்தார்கள். வங்காளதேசத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வந்தவர்கள். விசா இல்லாமல் வரலாம் என்று இருந்த ஏற்பாட்டை வங்காளதேசத்துக்கும் பாகிஸ்தானுக்கும் 1989 ஜனவரியிலும், ஈரானுக்கு 1992இலும் ஜப்பான் நிறுத்தியது. 1990 ஜூனில் அமலுக்கு வந்த திருத்தச் சட்டம், அனுமதி இல்லாதவர்களை வேலைக்கு வைக்கிற முதலாளிக்குத் தண்டனை என்றது. அதே சட்டம் இன்னொரு கதவைத் திறந்தது. ஜப்பானியப் பாட்டனின் பேரன் பேத்தி என்று நிரூபித்தால் போதும், குடும்பத்தோடு வந்து தங்கி எந்த வேலையும் செய்யலாம். காகிதத்தில் இது சொந்தபந்தங்களைப் பார்க்க வருகிற விசா. நடைமுறையில் ஆள் பிடிக்கிற விசா. கறுத்த தோல்காரனை அனுப்பிவிட்டு அந்த இடத்துக்குத் தன் மூஞ்சி ஜாடையுள்ளவனைக் கூப்பிட்டுக்கொண்டது அரசு. தேசத்தின் தூய்மையும் கெடாது, எந்திரமும் நிற்காது.

1990 கடைசியில் சுமார் 56,000 பேராக இருந்த பிரேசில்காரர்கள் 2007இல் 3 லட்சத்து 10 ஆயிரத்தைத் தாண்டினார்கள். ஷிசுவோக்கா மாவட்டத்தின் ஹமாமட்சு, கும்மா மாவட்டத்தின் ஓயிசுமி, தொயோத்தா நகரின் ஹோமி தொகுப்பு வீடுகள் எல்லாம் பிரேசில்காரர் ஊராயின. ஓயிசுமியில் இன்றைக்கும் பத்துப் பேரில் ஒருவர் பிரேசில்காரர். இவர்களைத் தெகாசெகி என்கிறார்கள். பனிக்காலத்தில் பிழைப்பு இல்லாமல் வடக்கு ஜப்பானிய கிராமங்களிலிருந்து பட்டணத்துக்குக் கூலிக்குப் போனவர்களுக்கு வழங்கிய பழைய பேர் அது. இவர்களைத் தொழிற்சாலை நேராக வேலைக்கு எடுக்கவில்லை. நடுவில் ஆள் ஒப்பந்தக் கம்பெனி. வீடு அவன் கொடுத்தது, வேன் அவன் அனுப்புவது, கூலியில் பிடித்தம் அவன் கையில். தமிழில் இவனுக்கு ஏற்கெனவே பேர் இருக்கிறது. கங்காணி.

ஒரே காகிதம், இரண்டு வேலை

இப்போது என்னை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். பாட்டன் ஜப்பானியன் என்பதை எப்படி நிரூபிப்பது? கொசெகி என்ற குடும்பப் பதிவேட்டின் நகலைக் காட்ட வேண்டும். ஜப்பானில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூலப் பதிவூர் ஒன்று உண்டு. பிறப்பு, கல்யாணம், தத்து, சாவு எல்லாம் அந்த ஏட்டில் ஏறும். எங்கோ ஒரு கிராமத்து ஆபீசில் பாட்டன் பேர் இருந்தால் பேரனுக்கு விசா. சாவ் பாவ்லோவில் அந்த நகலுக்காக அலைந்தவர்கள் ஆயிரக்கணக்கில். இந்த அலைச்சலை எழுதுகிறவர்கள் ‘வேர்களைத் தேடி’ என்று உருக்கமாக எழுதுகிறார்கள்.

இந்த ஏட்டுக்கு இன்னொரு வரலாறு உண்டு. ஜப்பானில் புராக்கு மக்கள் இருக்கிறார்கள். தோல் பதனிடுவது, மாடு அறுப்பது, பிணம் சார்ந்த வேலைகள் என்று ஒதுக்கப்பட்டு, ‘அழுக்கு மிகுந்தவர்’ என்ற பொருள் வரும் சொல்லால் அழைக்கப்பட்ட மக்கள். 1871இல் ஓர் அரசாணை அந்தப் பேர்களை ஒழித்தது. அடுத்த ஆண்டே, 1872இல், நாடு முழுவதற்கும் முதல் கொசெகி தயாரானது. பல இடங்களில் எழுதிய கை சும்மா இருக்கவில்லை. ‘புதுக் குடிமக்கள்’ என்று அடையாளம் போட்டுவைத்தது. நேற்றுவரை நீ யார் என்பதைச் சொல்ல அந்தப் ‘புது’ போதும். பிறகு கல்யாணம் பேசுகிற வீட்டாரும் வேலைக்கு ஆள் எடுக்கிற முதலாளியும் இந்த ஏட்டைப் பார்க்க ஆள் அனுப்பினார்கள். 1922இல் புராக்கு மக்கள் சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ அமைப்பைக் கட்டிப் போராடத் தொடங்கினார்கள். 1968இல்தான் அந்தப் பழைய ஏடு பூட்டிவைக்கப்பட்டது. 1975இல் இன்னொன்று வெளியே வந்தது. புராக்குக் குடியிருப்புகளின் ஊர்ப் பேர்களையெல்லாம் தொகுத்து அச்சடித்து ரகசியமாகக் கம்பெனிகளுக்கு விற்றிருந்தார்கள். பெரிய பெரிய கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கியிருந்தன. மூலப் பதிவூரைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும்.

ஆக, கடல் கடந்து பிறந்தவனை உள்ளே கூப்பிட்ட அதே ஏடு, உள்ளூரிலேயே பிறந்தவனை வெளியே தள்ளவும் பயன்பட்டது. இரண்டும் வேறு வேறு கதைகள் இல்லை. வம்சாவளியை அரசாங்கமே ஏடு போட்டு வைத்துக்கொள்ளும் ஒரு முறையின் இரண்டு கைகள். இப்படிச் சேர்த்துப் படித்தால்தான் பிரேசில் தொழிலாளியின் நிலையே விளங்கும். ‘என் இரத்தமே என்னை ஒதுக்குகிறதே’ என்று அவன் அழுகிறான். இரத்தம் அவனை ஏமாற்றவில்லை. தரம் பிரிப்பதுதான் இரத்தத்தின் வேலை. அது வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

நூல்கள்

தகெயுகி ட்சுடாவின் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் தி எத்னிக் ஹோம்லேண்ட்’ 2003இல் வந்தது. அமெரிக்காவில் வளர்ந்த ஜப்பானிய வம்சத்து மானிடவியலாளர். பிரேசிலிலும் இருந்து பார்த்தார், ஜப்பானில் தொழிற்சாலைக்குள்ளேயே இறங்கி வேலையும் பார்த்தார். சோம்பேறி ஆய்வு இல்லை. அவர் சொல்லும் ஒரு தகவலைப் பிடித்துக்கொள்கிறேன். பிரேசிலில் இருந்தபோது சம்பா ஆட்டத்தை ஏறெடுத்தும் பார்க்காத ஜப்பானிய வம்சத்தார், ஓயிசுமியில் வந்து சம்பா ஊர்வலம் போகிறார்கள். ஆட்டமும் சரியாக வரவில்லை. ஜப்பான் ஒதுக்கியதால் பிரேசில் அடையாளத்தை எடுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள் என்கிறார் ட்சுடா.

சரிதான். ஆனால் சம்பா யாருடையது? ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் உண்டாக்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்காகப் போலீஸ் உதை வாங்கியது. இன்றைய பிரேசிலில் பாதிக்கு மேல் கறுப்பரும் கலப்பினத்தவரும்தான். கல்யாண உறவில் ஜப்பானிய இரத்தம் இல்லாவிட்டால் அவர்களுக்கு இந்த விசா கிடையாது. அவர்களுடைய ஆட்டம் ஜப்பானுக்குள் வந்துவிட்டது, அவர்கள் வரவில்லை. சேரியில் அடித்தால் தீட்டு, மேடையில் அடித்தால் கலை என்று பறைக்கு நேர்ந்ததை அறிந்தவர்கள் இதை ‘எதிர் அடையாளம்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போக மாட்டார்கள்.

ஜோஷுவா ஹோத்தாக்கா ராத் 2002இல் எழுதிய ‘ப்ரோக்கர்ட் ஹோம்லேண்ட்’ எனக்கு இன்னும் நெருக்கமாக இருக்கிறது. தலைப்பிலேயே தரகு வந்துவிட்டது. ஹமாமட்சுவை வைத்து எழுதியிருக்கிறார். ஆள் ஒப்பந்தக் கம்பெனி எப்படித் தொழிலாளியை முதலாளியிடமிருந்து தள்ளி நிறுத்துகிறது, எந்திரத்தில் அடிபட்டால் யார் பொறுப்பு என்பது எப்படி நழுவிப் போகிறது என்றெல்லாம் காட்டுகிறார். அடையாளத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தவர்கள் மறந்துவிடுகிற கையும் விரலும் இந்த நூலில் இருக்கின்றன. உடல் இல்லாமல் அடையாளம் பேசுகிறவர்களுக்கு இதைப் படிக்கக் கொடுக்க வேண்டும்.

கேரன் தெய் யமாஷிதாவின் ‘சர்க்கிள் கே சைக்கிள்ஸ்’ 2001இல் வந்தது. ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர், பிரேசிலில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர், பிரேசில்காரரை மணந்தவர். 1997இல் குடும்பத்தோடு நகோயா பக்கத்தில் சேத்தோ என்ற ஊரில் தங்கியிருந்து எழுதிய நூல். சிறுகதை, கட்டுரை, நாட்குறிப்பு, விளம்பரத் துண்டு, படம் எல்லாம் கலந்து கிடக்கிறது. இங்கிலீஷோடு ஜப்பானியமும் போர்த்துகீசும் வருகின்றன. ‘தூய ஜப்பானியர்’ என்ற பேச்சைத்தான் முதலிலேயே எடுத்துப் பிரித்துப் போடுகிறார். ஒவ்வொரு நாடும் வந்தவனுக்கு விதிக்கிற சட்டதிட்டங்களைப் பட்டியல் போட்டே கிண்டல் செய்கிறார். இந்த மூன்று நூல்களில் இலக்கியமாக நிற்பது இதுதான். ஒழுங்கான ஒரு வாழ்க்கைக் கதையாக இது ஓட மறுக்கிறது. கூலி வேலைக்கு இங்கேயும் அங்கேயும் சுழல்கிறவனுக்கு ஏது நேர்க்கோடு? ஆனாலும் ஒரு குறை சொல்ல வேண்டும். யமாஷிதா மூன்று நாட்டுக்கும் இடையில் சுலபமாகப் போய்வர முடிந்தவர். அந்த நூலின் சிரிப்பில் அந்தச் சுலபம் தெரிகிறது. எந்திரத்தின் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நின்றவன் எழுதினால் சிரிப்பு இருக்கும். அதன் ருசி வேறாக இருக்கும்.

படங்கள்

தீசூக்கா யமசாக்கியின் ‘கைஜின்’ 1980இல் வந்த பிரேசில் படம். கைஜின் என்றால் அந்நியர். காப்பித் தோட்டத்துக்கு வரும் இளம் பெண் தித்தோயேவின் கதை. தோட்டத்தில் இத்தாலியரும் பிரேசிலின் வடகிழக்கு ஏழைகளும் ஜப்பானியரும் ஒரே கொத்தடிமை வலைக்குள் கிடப்பதைப் படம் காட்டுகிறது. யார் எந்த நாடு என்பதைவிட யார் கடன்பட்டவன், யார் கணக்கு எழுதுகிறவன் என்பதுதான் அங்கே முக்கியம். அதனால் அது பெரிய படம்.

அதே இயக்குநரின் ‘கைஜின் 2’ 2005இல் வந்தது. தித்தோயேவின் பேத்தி காலத்துக் கதை. சேமிப்பு பறிபோன பேத்தியின் கணவன் ஜப்பானுக்குக் கூலிக்குப் போகிறான். அவன் ஜப்பானிய வம்சம் இல்லை. சட்டப்படி பார்த்தால் அவன் நுழைவது மனைவியின் வம்சாவளிச் சீட்டில்தான். கனமான இடம் இது. ஆனால் படம் அதில் நிற்காமல் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பெண்கள், பாட்டியின் மண், குடும்பப் பாசம் என்று போய்விடுகிறது. முதல் படம் உழைப்பைப் பற்றியது. இரண்டாம் படம் பரம்பரையைப் பற்றியது. இருபத்தைந்து வருஷத்தில் ஒரு கூலிச் சமூகம் நடுத்தர வர்க்கமாகி, தன் கதையைத் தானே எப்படி மாற்றிச் சொல்லிக்கொள்கிறது என்பதற்கு இந்த இரண்டு படங்களுமே சாட்சி.

கத்ஸுயா தொமித்தாவின் ‘சவுதாதி’ 2011இல் வந்த ஜப்பானியப் படம். கோஃபு நகரத்தின் கட்டட வேலை ஆட்களையும் பிரேசில்காரரையும் தாய்லாந்துப் பெண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறது. வேலை சுருங்கிக்கொண்டே போகிறது. ராப் பாடும் ஜப்பானியக் கூலிப் பையன் ஒருவனின் கோபம் மேலே இருப்பவன் பக்கம் போகாமல் பிரேசில்காரன் பக்கம் திரும்புகிறது. தனக்குக் கீழே ஒருவன் இருக்க வேண்டும் என்ற ஆசை எப்படி ஏழையையும் பிடித்துக்கொள்கிறது என்று, அறிவுரை சொல்லாமல், படம் காட்டிவிடுகிறது. படிக்கட்டு போல அடுக்கிய சமூகத்தில் வாழும் நமக்கு இந்தப் பையனைத் தெரியும்.

சவுதாதி என்றால் போர்த்துகீசில் ஏக்கம். விட்டுவந்த ஊரின், ஆட்களின் நினைவு. புலம்பெயர்ந்தோர் எழுத்தில் இந்த ஏக்கத்துக்குக் கொடுக்கிற இடம் ரொம்ப அதிகம் என்று எனக்குப் படுகிறது. ஊர் ஏக்கம் ஊருக்குள் வீடு இருந்தவனுக்குச் சுலபம்.

யாருக்கு அவமானம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெகாசெகி அனுபவங்களைப் பேசுகிற இடத்திலெல்லாம் ஓர் அவமானம் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே நான் ஆசிரியன், இங்கே வெல்டிங் அடிக்கிறேன். அங்கே என் வீட்டில் வேலைக்காரி இருந்தாள், இங்கே நான் கிழவர்களுக்குக் கக்கூஸ் கழுவுகிறேன். வலி புரிகிறது. ஆனால் அந்த வேலைக்காரி யார்? அவள் பெரும்பாலும் கறுப்புப் பெண்ணாகத்தான் இருந்திருப்பாள். முந்நூறு வருஷத்துக்கு மேல் அடிமைகளை வைத்துப் பிழைத்த நாட்டில் கையால் செய்கிற வேலையெல்லாம் கறுப்பன் வேலை. தோட்டக் கூலியின் பேரனும் அந்தப் பார்வையைக் கற்றுக்கொண்டுதான் மேலே ஏறினான். ஜப்பானில் அவன் அழுகிறபோது அந்தப் பார்வையும் சேர்ந்தே அழுகிறது. வேலையை இழிவாக்கியது யார் என்று கேட்காமல், இழிவான வேலை தனக்கு வந்துவிட்டதே என்று மட்டும் எழுதினால் அது சாட்சியம் ஆகாது. புகார் மனுதான் ஆகும்.

இதைச் சொல்வதால் அவர்கள் பட்டது குறைந்துவிடாது. 1998இல் ஹமாமட்சுவில் அனா போர்ட்ஸ் என்ற பிரேசில் பத்திரிகையாளர் ஒரு நகைக்கடைக்குள் போனார். எந்த நாடு என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் கடைக்காரர் வெளியே போகச் சொன்னார். அவர் வழக்குப் போட்டார். இனப் பாகுபாட்டைத் தடுக்க உள்நாட்டில் சட்டமே இல்லை. 1999 அக்டோபரில் நீதிமன்றம், ஜப்பான் 1995இல் சேர்ந்த ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையை அளவுகோலாக வைத்து, 15 லட்சம் யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கடைக்குள் நுழைவதற்கு ஒரு வழக்கு. தேநீர்க் கடை வழக்குகள் நடந்த ஊர்களைச் சேர்ந்தவர்கள் இந்தத் தீர்ப்பைப் படித்துப் பார்க்க வேண்டும்.

அந்த உடன்படிக்கையின் முதல் விதியில் இனம், நிறம் என்பதோடு ‘வம்சாவளி’ என்ற சொல்லும் இருக்கிறது. 1965இல் அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொன்னது இந்தியா. பிறகு சாதி அதற்குள் வராது என்று வாதாடியதும் இந்தியா. புராக்கு மக்கள் அதற்குள் வர மாட்டார்கள் என்று வாதாடுவது ஜப்பான். 2001இல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் நம் தோழர்கள் போய் நின்று கேட்டது இந்த ஒரு சொல்லைத்தான். வம்சாவளி பார்த்து விசா கொடுக்கத் தெரிந்த அரசுக்கு வம்சாவளி பார்த்து ஒதுக்குவது மட்டும் தெரியாது என்றால் யார் நம்புவது?

2008 நெருக்கடி வந்ததும் முதலில் கழித்துக் கட்டியது ஒப்பந்தத் தொழிலாளிகளைத்தான். 2009 ஏப்ரலில் அரசு தலைக்கு 3 லட்சம் யென்னும் குடும்பத்தாருக்கு 2 லட்சம் யென்னும் கொடுத்து ஊருக்குப் போகச் சொன்னது. வாங்கிக்கொண்டால் அதே விசாவில் திரும்பி வரக்கூடாது. 20,000 பிரேசில்காரருக்கு மேல் வாங்கிக்கொண்டு போனார்கள். தடையை 2013இல்தான், அதுவும் வேலை ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, விலக்கினார்கள். வம்சம் என்று கூப்பிட்ட இரத்தத்துக்கு விலை எவ்வளவு என்று அப்போது தெரிந்தது. 2018இல் நாலாம் தலைமுறைக்கு ஒரு திட்டம் போட்டார்கள். 18 முதல் 30 வயது, ஐந்து வருஷம், குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது, ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும், வருஷத்துக்கு 4,000 பேர் வரை. வந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். 2023 கடைசியில் வயதையும் நிபந்தனைகளையும் கொஞ்சம் தளர்த்தினார்கள். தலைமுறை இறங்க இறங்க இரத்தம் நீர்த்துப்போகிறதாம். நீர்க்க நீர்க்க உரிமையும் குறைகிறது. இரத்தத்தை அளந்து ஊற்றுகிற இந்தக் கணக்குக்கு மனு போட்டது எந்த ஊரில் என்று நினைக்கத் தோன்றுகிறது.

இப்போது அங்கே 2 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட பிரேசில்காரர்கள் இருக்கிறார்கள். பலர் திரும்பிப் போகப்போவதில்லை. அங்கேயே பிறந்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அந்நிய நாட்டுப் பிள்ளை பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஜப்பானில் இல்லை. எல்லா நாட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து, சுமார் 20,000 பேர் பள்ளியிலேயே இல்லாமல் இருக்கக்கூடும் என்று 2019இல் அரசுக் கணக்கே சொன்னது. இரண்டு மொழியிலும் முழுசாக எழுதத் தெரியாமல் நேராகத் தொழிற்சாலைக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். 2016இல் வெறுப்புப் பேச்சுக்கு எதிராக ஒரு சட்டமும் புராக்குப் பாகுபாட்டுக்கு எதிராக ஒரு சட்டமும் வந்தன. இரண்டிலும் தண்டனை கிடையாது.

இந்தப் பிள்ளைகளிடமிருந்து இப்போது சத்தம் வருகிறது. ஷிசுவோக்காவின் இவாத்தா நகரத்துத் தொகுப்பு வீடுகளிலிருந்து கிரீன் கிட்ஸ் என்ற ராப் குழு வந்திருக்கிறது. பாட்டனின் ஏட்டைத் தேடி அவர்கள் பாட வரவில்லை. வளர்ந்த கட்டடத்தை, தொழிற்சாலையை, போலீசை, அம்மாவைப் பாடுகிறார்கள். எழுத இடம் கொடுக்காதவர்கள் வாயால் எழுதுகிறார்கள். அடையாளச் சிக்கல் ஆய்வுகளைவிட இதைத்தான் நான் இலக்கியமாக மதிப்பேன்.

நம் மாணவர்களும் எழுதுகிறவர்களும் புலம்பெயர் இலக்கியம் என்று எதையும் கையில் எடுக்கும்போது இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இவன் எந்தக் காகிதத்தைக் காட்டி உள்ளே வந்தான்? அதே காகிதத்தால் வெளியே நிற்பவன் யார்? இரண்டாவது ஆளை எழுதாத எழுத்து எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் நமக்குப் பாதி எழுத்துதான். ஹோமியின் தொகுப்பு வீட்டில் வளர்ந்த பிரேசில் பையனும், மூலப் பதிவூரை மறைத்து வேலை தேடிய புராக்குப் பெண்ணும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற ஒரு கதையை நான் இன்னும் படிக்கவில்லை. அதை அவர்களில் ஒருவர்தான் எழுத வேண்டும். எழுதினால் தமிழில் கொண்டுவர நம் பத்திரிகைகளில் இடம் இருக்க வேண்டும்.